பாட்டு நின்ற வீடு

மழை இறங்கிவிட்டால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. வெட்டுவாயில் தண்ணீர் ஓடினால் பால் சிரட்டையில் விழாது, பட்டை முழுக்கப் பரந்து வீணாகும். மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்ட தோட்டங்களில் மழையிலும் வெட்டு உண்டு. எங்கள் தோட்டத்தில் கட்டுவதில்லை. குலசேகரத்துக்கு மேலே மலையோரம் கிடக்கிற எங்களுக்கு ஆனி மழையில் உள்ள வேலை, புகைப்புரையில் உலரப் போட்ட ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போடுவதும், கட்டன் சாயா குடிப்பதும், அடுத்தவன் வீட்டுக் காரியம் பேசுவதும்தான்.

அந்த வருஷ ஆனி மழையில் பேசியதெல்லாம் இஸ்ரவேலைப் பற்றி.

இஸ்ரவேலும் நானும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் பால் வெட்டுகிறவர்கள். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறினால், அவர் எந்த மரத்தில் நிற்கிறார் என்று எனக்குப் பார்க்க வேண்டியதில்லை. பாட்டு வரும். கத்தி பட்டையைச் சீவிக்கொண்டு இறங்குகிற இழுப்பும் பாட்டின் இழுப்பும் ஒன்றாக இருக்கும். எங்கள் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். நான் எழுத்துப் படித்ததே அவர் பக்கத்தில் ஆலயத்தில் உட்கார்ந்துதான். பாட்டுப் புத்தகத்தில் அவர் விரல் ஓட, நான் அந்த விரலைப் பின்தொடர்ந்தேன். பாட்டு மனப்பாடமாக இருந்ததால் எழுத்து தானாக அகப்பட்டது. அப்போது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் பாட்டு பாதியில் அறுந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். பிறகு சிரட்டை உருளுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தடியில் சரிந்து கிடக்கிறார். வலது கை பையைப் போலத் தொங்குகிறது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. "அண்ணே, என்ன செய்யுது?" என்று கேட்டேன். என்னையே பார்த்துச் சொன்னார்: "அதாக்கும்."

'அதுதான்' என்று அர்த்தம். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அதே. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் "அதாக்கும்". யார் வந்திருக்கிறார் என்று கேட்டாலும் "அதாக்கும்". நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. சிரிக்க வேண்டிய இடத்தில் பாதி முகத்தால் சிரித்தார். திருப்பிச் சொல்லப் போனால்தான் உள்ளே ஏதோ கதவு அடைத்துக்கொண்டதுபோல நெற்றி நரம்பு புடைக்கும், கண் கலங்கும், கடைசியில் அந்த ஒரு சொல் வந்து விழும். வலது காலும் இழுத்துக்கொண்டதால் கட்டிலே கதி.

அந்த வீட்டில் பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது அவர் மனைவி தேவகனி.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால் ஆள் அனுப்புவார்கள். சபை ஜனம் வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடும். பாட்டின் நடுவிலேயே உயிர் பிரிந்தால் நல்ல சாவு. ஆகவே தீனக்காரன் கிடக்கிற வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். அந்தப் பாட்டுக்கெல்லாம் முதல் ஆளாகப் போனவர் இஸ்ரவேல். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ஒரு வீட்டுப் படி ஏறினால், உள்ளே இருக்கிற பெண்கள் அப்போதே அழத் தொடங்குவார்கள். "கொண்டுபோக வந்தாச்சு" என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

அதனால் தேவகனி சந்தியா ஜெபத்தைக்கூட முணுமுணுப்பாக நடத்தினாள். அடுக்களையில் பாத்திரம் கழுவும்போது தன்னையறியாமல் ராகம் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருநாள் நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோவில் ஏதோ பாட்டு. வேலிக்கு ஓடி, "மக்கா, அதக் கொஞ்சம் அணைச்சுப்போடு. இஞ்ச ஆளு கிடக்குல்லா" என்று கெஞ்சிவிட்டு வந்தாள்.

சாப்பாடு இன்னொரு கஷ்டம். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். தேவகனி குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினாள். கஞ்சியில் இல்லை, பயற்றில் இல்லை, துவையலில் இல்லை. ஒரு வாய் வாங்கியதும் இஸ்ரவேல் இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அடுக்களைப் பக்கம் கை நீட்டுவார். "அதாக்கும்! அதாக்கும்!" தேவகனி ஓடித் தண்ணீர் கொண்டு வருவாள். இல்லை என்று தலையாட்டுவார். சூடு போதாதோ என்று அடுப்பில் வைத்துக் கொண்டு வருவாள். ஸ்பூனை மாற்றுவாள். கடைசியில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

இதைப் பார்த்துவிட்டு இஸ்ரவேலின் அக்காள் பூங்கனி சொன்ன வார்த்தைதான் தேவகனியை ஆட்டிவிட்டது. பூங்கனி கருங்கல் சந்தையில் கிழங்கு விற்கிறவள். மழையானாலும் வெயிலானாலும் தலையில் சும்மாடு இல்லாமல் பார்க்க முடியாது. நாக்கும் அப்படி, எப்போதும் சுமை ஏறித்தான் இருக்கும்.

"நான் ஒண்ணு சொன்னா வெப்ராளப்படாத தேவகனி. கஞ்சிய வெறுத்த ஆளு பூமிய வெறுத்தாச்சு. எங்க அப்பன் போகதுக்கு முன்ன இப்பிடித்தான், கிண்ணத்தத் தட்டித் தட்டி விட்டாரு."

"மைனி, அவரு காது கேக்க சொல்லாதீங்க."

"அவனுக்குத் தெரியாததா? எத்தன கட்டிலு பாத்தவன்!"

கட்டிலில் இருந்து இஸ்ரவேல் "அதாக்கும்" என்றார். அது ஆமோதிப்பா, ஏச்சா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் ஆன்ஸ்லின் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அப்பனுக்குத் தீனம் வருவதற்கு முன்பே ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருந்தாள். மூளையைப் பற்றி மட்டும் படிப்பிக்கிற வகுப்பு. மூளையைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி இருக்கிறதாம். நாடு முழுக்க எழுதுவார்களாம். ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாம், ஜெயிக்காவிட்டாலும் பிற்காலத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு வழி திறக்கும். பள்ளியில் ஜாஸ்பின் டீச்சர்தான் அவள் பேரை எழுதி அனுப்பினாள், பீஸ் கட்ட வேண்டாத இடம் கிடைத்தது.

வீட்டில் நெட் கிடைக்காது. மேட்டில் இருக்கிற புகைப்புரையின் வடக்கு மூலையில்தான் போனில் கோடு ஏறும். அதனால் சனி ஞாயிறு சாயங்காலங்களில் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு புகைப்புரைக்கு வருவாள். ஷீட்டு போடுகிற மூங்கில் கழியில் போனைச் சாய்த்து வைத்து, கவிழ்த்த பால் வாளிமேல் உட்கார்ந்து படிப்பாள். புகை கண்ணைக் கரிக்கும். தாவணி நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதுவாள். அவள் உடம்பிலும் புத்தகத்திலும் ரப்பர் புகை வாடை நிரந்தரமாக ஏறிவிட்டது.

முதல்நாள் நான் எட்டிப் பார்த்தபோது போனில் ஒரு படம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நூல் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. மழை நாளில் மலை உச்சியில் நின்று பார்த்தால் ஓடைகள் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கிளை பிரிந்து தெரியுமே, அதுபோல.

"இது எந்த ஊரு மக்களே?"

அவள் சிரித்தாள். "ஊரில்ல மாமா. ஒரு மனுஷனுக்க தலைக்குள்ள."

"யாருக்க தலை?"

"யாருக்க தலையும் இப்பிடித்தான். உங்க தலையும்."

நான் கையிலிருந்த ஷீட்டைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் இந்தத் தலையில் பால் வாளி சுமந்திருக்கிறேன். விறகு சுமந்திருக்கிறேன். மாதா கோயில் வளைவில் வழுக்கி விழுந்து கல்லில் இடித்திருக்கிறேன். உள்ளே இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

"அப்பாக்கு எங்கயாக்கும் கேடு வந்திருக்கு, தெரியுமா?" என்று அவள் படத்தை நிறுத்தி இடது பக்கத்தில் விரல் வைத்தாள். "இந்த எடத்துக்கு ரத்தம் போகாமப் போச்சு. மிண்டாட்டம், பேச்சு, எல்லாம் புறப்படுகது இங்கேருந்து. அவருக்குள்ள வார்த்த எல்லாம் இருக்கு மாமா. வெளிய வார வாசல்தான் இடிஞ்சு கிடக்கு."

அவள் அழவில்லை. பரீட்சைக்கு ஒப்புவிப்பதுபோலத்தான் சொன்னாள். அவள் விரல் மட்டும் அந்தப் படத்தின் மேலிருந்து எடுபடவே இல்லை.

அந்த வகுப்பு நடத்துகிற டாக்டரம்மாவுக்கு எங்கள் ஊரின் பேர்கூடத் தெரிந்திருக்காது. பெங்களூரிலோ எங்கேயோ இருந்து பேசினாள். முழுக்க இங்கிலீஷ். எனக்கு விளங்காது, ஆனாலும் நான் ஷீட்டைத் திருப்புகிற சாக்கில் அங்கேயே நிற்பேன். பெரிய பெரிய ஊர்ப் பிள்ளைகளின் முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரியும். எல்லாருக்கும் பின்னால் புத்தக அலமாரி. ஆன்ஸ்லினுக்குப் பின்னால் கொடியில் தொங்குகிற ஷீட்டுகள். அதனால் அவள் எப்போதும் தன் கட்டத்தைக் கறுப்பாக அடைத்து வைத்திருப்பாள். வாயும் திறக்கமாட்டாள்.

ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாய் திறந்தாள். டாக்டரம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆன்ஸ்லின் திடீரென்று எழுந்து நின்றாள், ஏதோ பள்ளிக்கூட வகுப்பில் நிற்பதுபோல. போனில் எதையோ அமுக்கிவிட்டுத் தட்டித்தடவி இங்கிலீஷில் கேட்டாள். நடுவில் "அப்பா" என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. அந்தம்மா இங்கிலீஷை விட்டாள். பிறகு தமிழில், மெட்ராஸ் தமிழில், பொறுமையாகப் பேசினாள்.

"ஆன்ஸ்லின், நான் உங்க அப்பாவைப் பார்க்காம வைத்தியம் சொல்லக்கூடாதும்மா. பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்ககிட்ட கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. ஆனா நீ கேட்டது சரிதான். பேச முடியாத சிலரால பாட முடியும். எல்லாராலயும் இல்ல. சிலரால. நல்லாத் தெரிஞ்ச பாட்டுல தொடங்குவாங்க. நல்லா இருக்கிற கையால தாளம் தட்டச் சொல்லுவாங்க. அப்புறம் அந்த ராகத்துலயே தேவையான சின்னச் சின்ன வார்த்தைய வச்சுப் பாடிப் பழக்குவாங்க. அப்பாவுக்குப் பாட்டு பிடிக்குமா?"

மழை தகரத்தில் அடிக்கிற சத்தம்தான் அந்தம்மாவுக்குப் போயிருக்கும்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "மாமா, ஒரு பட்ட வெட்டி வெட்டிக் கெட்டுப்போனா மறுபக்கம் புதுப் பட்ட தொறப்பியளே, மரம் ஒண்ணுதானே?"

"மரம் ஒண்ணுதான்."

"பால் அங்கயும் வரும்லா?"

"வரும். உடனே வராது. தொறந்த கொஞ்ச நாளு சொட்டுச் சொட்டாத்தான் வரும்."

"வந்தாப் போரும்" என்று குடையைக்கூட விரிக்காமல் ஓடினாள்.

நான் ஷீட்டுகளை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனேன். வீட்டில் பூங்கனியும் இருந்தாள். மரச்சீனிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது, சாளைக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஆன்ஸ்லின் நனைந்த தலையோடு மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். தேவகனி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். பூங்கனிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்பிடிப் போடு! அப்பனுக்கு மரணப்பாட்டு படிக்கப் போறாளாம். அதுக்குத்தானா புகைப்புரைக்குள்ள போயி போன நோண்டிட்டு இருந்த?"

"மரணப்பாட்டு இல்ல மாமி. அவருக்குப் பிடிச்ச பாட்டு."

"எந்தப் பாட்டானாலும் கட்டிலு பக்கம் படிச்சா ஒண்ணுதாண்டி. ஆளு போறதுக்கு விளிக்க விளி அது. நீ மூளையப் படி, கிட்னியப் படி, யாரு வேண்டாம்னா? எனக்க தம்பியப் போட்டுப் படிக்காத."

"மூளைக்கு எந்தப் பாட்டு சாவுப்பாட்டுன்னு தெரியாது மாமி."

"மூளைக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும்."

நான் இடையில் புகுந்தேன். "அக்கா, அந்த டாக்டரம்மா சொன்னத நானும் கேட்டேன்."

"ரத்தினம், நீ இங்கிலீஷும் படிச்சாச்சா? கொள்ளாம்! பாட்டுப் புஸ்தகத்தத் தலகீழா பிடிச்ச ஆளுல்லா நீ."

"அவங்க தமிழ்லதான் சொன்னாங்க."

"தமிழ்ல ஒப்பாரியும் உண்டு."

தேவகனி மெல்லச் சொன்னாள்: "வேண்டாம் மக்களே. அம்மைக்குப் பேடியா இருக்கு. மிண்டாம இருந்தாலும் ஆளு இருக்காரே. அது போரும் எனக்கு."

"உங்களுக்குப் போரும். அவருக்குப் போருமா?"

பூங்கனி சும்மாட்டைத் தலையில் வைத்து, "நான் போறேன். எனக்க காதில இந்தப் பேச்சு விழாண்டாம்" என்று முற்றத்தில் இறங்கிப் போய்விட்டாள். அவள் வீடு ஓடைக்கு அப்புறம்தான்.

தேவகனி கஞ்சி ஊற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். தலையணையை முட்டுக்கொடுத்து அவரை உட்கார வைத்து ஒரு வாய் ஊட்டினாள். இஸ்ரவேல் விழுங்கினார். கிண்ணத்தைத் தள்ளினார். அடுக்களையைக் காட்டினார். "அதாக்கும்."

"என்னங்க? குடிக்க வெள்ளமா?"

இல்லை.

"மீன் சாறா? முள்ளு இருக்கும்."

இல்லை. "அதாக்கும்! அதாக்கும்! அதா..." இடது கையால் தன் தொண்டையைப் பிடித்தார், ஏதோ உள்ளே சிக்கியிருப்பதைப் பிடுங்கி எடுக்கப்போவதுபோல. முகம் கறுத்தது. கண்ணீர் வடிந்தது, ஒரு கண்ணில் மட்டும் கூடுதலாக. பிறகு மூச்சை விட்டார். கையைத் தளர்த்தினார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கப் போனார்.

மலையிலிருந்து கல்லைப் புரட்டி இறக்குகிற ஆளாக நான் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லைப் புரட்ட முடியாமல் அவர் தோற்றதை அன்றுதான் பார்த்தேன்.

தேவகனி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "ஏட்டி, பாட்டப் படி" என்றாள்.

ஆன்ஸ்லின் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பனின் இடது கையைத் தன் கைக்குள் எடுத்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இவ்வளவு நேரம் வழக்காடிய பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, ஒருவேள மாமி சொன்னதுபோல..." என்றாள். போனில் பார்த்த மூளை வேறு, கண்முன்னே கிடக்கிற அப்பனின் தலை வேறு என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.



பாட்டைத் தொடங்கியது தேவகனி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடி வயிற்றிலிருந்து எடுத்தாள். அச்சடித்த புத்தகத்தில் இல்லாத பாட்டு. எங்கள் சபையில் பண்டு இருந்த உபதேசியார் ஒருவர் கட்டியது. இஸ்ரவேல் பால் வெட்டும்போது பாடிக்கொண்டிருந்ததும், அன்று பாதியில் அறுந்ததும் அதுதான்.

*மலைமேல் மேகம் இறங்கும்போது*
*மறைவிடம் நீரே ஆண்டவரே...*

முதல் அடி முடிந்தது. ஒன்றுமில்லை. ஆன்ஸ்லின் அப்பனின் கையைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டினாள். தேவகனி அதையே மறுபடி எடுத்தாள். இஸ்ரவேல் அவள் வாயையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது. முதலில் வெறும் மூச்சு. பிறகு தொண்டையில் ஒரு முனகல், வாளியை இழுக்கும்போது கல்லில் உரசுகிற சத்தம்போல. மகள் கையை விட்டுவிட்டாள். அந்தக் கை தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

*வழி தெரியாமல் நின்ற என்னை...*

இந்த அடியைத் தேவகனி பாடவில்லை. அவளால் முடியவில்லை. அதைப் பாடியது இஸ்ரவேல்.

வார்த்தை வார்த்தையாக. 'வழி' என்றால் வழி. 'ழ' அப்படியே நின்றது. கோணிய வாயிலிருந்து அந்த எழுத்து கோணாமல் வந்தது. நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன். அவர் விரல் ஓடிய பக்கங்கள் கண்முன்னே வந்தன. அதே எழுத்துகள்தான், இப்போது தாளிலிருந்து எழும்பி நடந்து வந்தன.

*வாசல் திறந்து அழைத்தவரே.*

பாடி முடித்ததும் தன் சத்தத்தைத் தானே கேட்டுப் பயந்தவர்போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு அடுத்த சரணத்தை அவரே எடுத்தார். தேவகனி சேர்ந்துகொண்டாள். நானும் சேர்ந்தேன். மழையை மிஞ்சி நாங்கள் பாடினோம். அதுதான் பிசகாகிவிட்டது.

ஓடைக்கு அப்புறத்திலிருந்து ஒரு கூக்குரல். "எனக்க தம்பியே! எனக்க ராசாவே! போய்ட்டியாடா!" பூங்கனி மார்பில் அடித்துக்கொண்டு தலைவிரி கோலமாகச் சேற்றில் ஓடி வந்தாள். சும்மாடு இல்லாத அவள் தலையை அன்றுதான் பார்த்தேன். அவள் பின்னால் குடைகள். ரப்பர் மரங்களுக்கு இடையே கறுப்புக் குடைகள் வரிசையாக இறங்கி வந்தன. சிலர் கக்கத்தில் பாட்டுப் புத்தகம். ஒருவர் பெஞ்சைத் தலையில் கவிழ்த்துக் கொண்டுவந்தார், சாவு விழுந்த துட்டி வீட்டில் உட்கார இடம் வேண்டுமே.

பூங்கனி படி ஏறி, "கடைசியா ஒரு வாக்கு சொல்லாமப் போனியேடா..." என்று கட்டில்மேல் விழப்போனவள், தம்பி கட்டிலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். விரித்த கை விரித்தபடியே நின்றது. இஸ்ரவேல் அவளைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை. தாளம் போடுகிற கையால் 'உட்கார்' என்று சாடை காட்டினார். ஆலயத்தில் பிந்தி வருகிறவர்களுக்குக் காட்டுவாரே, அதே சாடை.

அவள் தரையில் உட்கார்ந்தாள். முற்றம் முழுக்க ஜனம் நின்றது. குடையை மடக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவுக்குப் பாடவென்று வந்த வாய்கள் எல்லாம் திறந்தபடியே இருந்தன. கடைசிச் சரணத்துக்கு யாரோ மெதுவாகச் சேர்ந்தார்கள். பிறகு எல்லாரும்.

பாட்டு முடிந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். எல்லாரும் இஸ்ரவேலின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இனி பேசப்போகிறார் என்று.

"தம்பி, என்னடா? சொல்லு" என்றாள் பூங்கனி.

அவர் வாயைத் திறந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. "அதாக்கும்" என்றார்.

ஜனத்துக்குள் ஒரு பெருமூச்சு ஓடியது. தேவகனியின் முகம் வாடியது. பூங்கனி ஆன்ஸ்லினைத் திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, இது என்ன சமாச்சாரம்? பாட்டு வருது, பேச்சு வரல்லியே. எப்பிடி?"

"எனக்கு முழுசாத் தெரியாது மாமி" என்றாள் ஆன்ஸ்லின். "எங்க டாக்டரம்மாவுக்கும் முழுசாத் தெரியாதாம். யாருக்குமே இன்னும் முழுசாத் தெரியாதாம். அதத்தான் நான் படிக்கணும்."

பூங்கனி இதற்கும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தம்பியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கையை நீட்டி நனைந்த விரலால் அந்தத் தலையைத் தொட்டாள், சூடான பானையைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

ஆன்ஸ்லின் மறுபடி அப்பனின் கையை எடுத்தாள். சட்டத்தில் தட்டினாள். அதே ராகத்தில், முதலடியின் இடத்தில், அவளாக வார்த்தை வைத்துப் பாடினாள்: "அப்பாவுக்கு என்ன வேணும்..."

"அதா..." என்று தொடங்கினார் இஸ்ரவேல்.

"ராகத்தில அப்பா, ராகத்தில." தட்டினாள். "என்ன வேணும்..."

அவர் கண்ணை மூடினார். ராகம் முதலில் வந்தது, வார்த்தை இல்லாமல். ஒருமுறை. மறுமுறை. மூன்றாவது இழுப்பில் உதடு கூடியது. "உப்..." என்றார். நின்றார். "உப்... பு. கஞ்சிக்கு... உப்பு."

தேவகனி தரையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அடுக்களையைப் பார்த்தாள். "எனக்க தெய்வமே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "இதையா? இத்தன நாளும் இதையா கேட்டிய?"

இஸ்ரவேல் பாதி முகத்தால் சிரித்து, பாட்டாகவே மறுபடி கேட்டார். முற்றமே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டும் இருந்தார்கள். தேவகனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பில் கைவைத்தாள். அவளும் ராகத்தில்தான் பதில் சொன்னாள். "டாக்டர் சொல்லியாச்சே... உப்பு கிடையாதே..."

"ஒரு கல்லு..." என்று பாடினார் அவர்.

அப்போதுதான் மணிச்சத்தம் கேட்டது. மேட்டில் ஆலய மணி. ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று. துட்டி மணி.

"அய்யோ!" என்று வாயில் அடித்துக்கொண்டாள் பூங்கனி. "வார வழியில நான்தான் கோயில்குட்டிகிட்ட மணி அடிக்கச் சொன்னேன். ரத்தினம், ஓடு! ஓடிப் போயி நிறுத்தச் சொல்லு!"

நான் மழைக்குள் இறங்கி ஓடினேன். வழி முழுக்க ஜனம் வந்துகொண்டிருந்தது. பேச்சிப்பாறை ரோட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். குடைக்கடியிலிருந்து ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எப்பம் முடிஞ்சு ரத்தினம்?"

எனக்கு மூச்சு இரைத்தது. சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது, எந்த முனையைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. வார்த்தை உள்ளே இருந்து வாசல் அகப்படாமல் நிற்பது எப்படி என்று அந்த ஒரு நிமிஷம் எனக்கும் விளங்கியது.

"முடியல்ல" என்றேன். "கஞ்சிக்கு உப்பு கேக்குதாரு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். கூட்டாளி போன துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். தோளில் தட்டி, "அழு மக்கா, அழுதிரு" என்றார்.

மேலே மணி இன்னொன்று அடித்தது. அதன் ஒலி மலையில் போய் இடித்துத் திரும்பி வந்து ஓய்ந்த இடத்தில், கீழே ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. பெரியவரின் கை என் தோளிலேயே நின்றது. அவருக்கு அந்தக் குரல் தெரியும். அவர் வீட்டிலும் ஒரு கட்டிலுக்கு அது வந்திருக்கிறது. அவர் குடையைத் தாழ்த்தினார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். மழை எல்லார் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது.